தாய் கறந்த பால் மட்டும் போதுமா?

"தாயின் கறவையும் காளையின் வம்சாவளியும் தெரிந்தால் கிடாரியின் பாலை முன்பே கணக்கிடலாம்" என்கிறது மாடு வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் சுமார் 30 சதவீதம்தான் பரம்பரை. மீதி தீவனம், பராமரிப்பு, ஈத்து (எத்தனையாவது கன்று என்பது), வெயில். தாய் மற்ற மாடுகளைவிட நாளுக்கு 5 லிட்டர் கூடுதலாகக் கறந்தால், அதில் 30 சதவீதம் ஒன்றரை லிட்டர், மகளுக்குப் போவது அதில் பாதி. ஆக முக்கால் லிட்டர்தான் எதிர்பார்க்கலாம். ஒரே தாய்க்கும் காளைக்கும் பிறந்த இரண்டு கிடாரிகளுக்கு வம்சாவளி ஒரே எண்ணைத்தான் சொல்லும், கறவையோ ஒன்றுபோல இருக்காது.

மார்த்தாண்டம் பக்கம் மாடு பிடிக்கப் போனால் "தாய் 18 லிட்டராக்கும்" என்பார்கள். எந்த நாள் கணக்கு அது? கன்று போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எல்லா மாடும் உச்சத்தில்தான் கறக்கும். கன்று போட்ட நாளிலிருந்து 305 நாள் மொத்தக் கறவையைக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது.

காளை விஷயம் வேறு. பல வீடுகளில் வளரும் அதன் மகள்களின் சராசரி கிடைத்தால் அதை நம்பலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர், தென்னைக்கு நடுவே வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுதான், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஊரே சேர்ந்து எழுதி வைக்க வேண்டும். சினை ஊசி போட்டதும் விந்துக் குச்சியில் உள்ள காளை எண்ணையும் மாட்டின் காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணையும் நோட்டில் குறிக்க ஒரு நிமிடம் ஆகுமா? எங்கள் பகுதியில் ஊசி போட வருபவரிடம் காளை எண்ணைக் கேட்டால் முறைக்கிறார்.