சீறுவதெல்லாம் கடிக்காது, சீறாததெல்லாம் சாதுவும் இல்லை

வட அமெரிக்காவின் கோஃபர் (gopher) பாம்பும் பைன் (pine) பாம்பும் "சாது, வீட்டில் வளர்க்க ஏற்றவை" என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. விஷம் இல்லை, உண்மை. ஆனால் கைபழகாத பாம்பு உடம்பை ஊதிக்கொண்டு, மூச்சுக்குழல் வாயில் இருக்கும் சவ்வு அதிர, பஸ் டயரில் காற்று இறங்குவது போலச் சீறும். வாலையும் படபடவென்று ஆட்டி, அமெரிக்காவின் விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரி வேஷம் கட்டும். பல நேரம் வாயை மூடிக்கொண்டே முட்டும். கடித்தாலும் கீறலும் கொஞ்சம் ரத்தமும்தான். சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். எலி வாசனையோடு கையை நீட்டினால் மட்டும் இரை என்று கவ்விக்கொள்ளும், லேசில் விடாது.

அப்புறம், மேலே கருத்துகளில் ஒரு தம்பி நம் ஊர்ச் சாரையை இப்படி வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது தம்பி, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலும் நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், தேவிபட்டினம் பக்கம். இங்கே சீறல் கேட்டால் வேஷம் என்று நினைக்கவே முடியாது. சுருட்டை விரியன் செதிலை உரசிச் சத்தம் எழுப்பும், கண்ணாடி விரியன் பலமாகச் சீறும். இரண்டுமே ஆளைக் கொல்லும். வலையில் சிக்கி வரும் கடல் பாம்போ சத்தமே போடாது. அதனால்தானோ என்னவோ, பையன்கள் வெறுங்கையால் எடுத்து வீசுகிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்குத்தான். கடல் பாம்புக் கடிக்கு அது கேட்காது. அடுத்து அதைப் பற்றி எழுதுங்களேன்.