மன்னராட்சியும் சர்வாதிகாரமும் ஒன்றல்ல

‘ஸ்டாலினும் ஹிட்லரும் முடிசூடாத பழைய மன்னர்களே’ என்ற கட்டுரையாளரின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நிலப்பிரபுத்துவ மன்னனின் கை கட்டப்பட்டிருந்தது. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜானைப் பிரபுக்கள், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்குப் பணிய வைத்தார்கள். முற்றதிகாரத்தின் உச்சம் என்று சொல்லப்படும் பதினான்காம் லூயியின் பிரான்சில்கூட மாகாணத்துக்கு மாகாணம் சட்டமும் சுங்கமும் வேறாக இருந்தன. அவரும் கொடுமை செய்தார். 1685இல் புராட்டஸ்டன்ட் மக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தூரத்துக் கிராமத்து உழவன் மனதில் என்ன நினைக்கிறான் என்று வேவு பார்க்க அவரிடம் ஆளும் இல்லை, அதற்கான தேவையும் இல்லை.

1937 ஜூலை 30 அன்று ஸ்டாலினின் சோவியத் ரகசியக் காவல்துறை பிறப்பித்த 00447ஆம் எண் உத்தரவைப் பாருங்கள். எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று மாகாணவாரியாக ஒதுக்கீடு. மாஸ்கோ வட்டாரத்துக்கு மட்டும் சுட்டுக்கொல்ல 5,000 பேர். பெயர்ப் பட்டியலைப் பிறகு உள்ளூர் அதிகாரிகள் நிரப்பிக்கொள்ளலாம்! இதற்குக் கோப்பு வேண்டும், தொலைபேசி வேண்டும், ரயில் வேண்டும், மூலை முடுக்கெல்லாம் கட்சிக் கிளை வேண்டும். எந்த மன்னனிடம் இவை இருந்தன? மன்னன் கேட்டது வரியும் கீழ்ப்படிதலும். இந்தச் சர்வாதிகாரிகள் கேட்டது கைதட்டலையும் சேர்த்து.