வயதான பிறகா? அப்போது ஜேம்ஸ் பிரவுனுக்கு 36தான்

சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகை) பாடகர்கள் வயதாகி, மார்க்கெட் குறைந்த பிறகுதான் பிக் பேண்ட் ஜாஸ் (டிரம்பெட், டிராம்போன் நிறைந்த பெரிய குழு வாசிக்கும் ஜாஸ்) பக்கம் ஒதுங்குகிறார்கள் என்கிறது உங்கள் கட்டுரை. சரி, சிலருக்குப் பொருந்தலாம். சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனை எப்படி மறந்தீர்கள்? 1969 நவம்பரில், நல்ல உச்சத்தில் இருந்தபோதே, ஹாலிவுட்டில் டிரம்மர் லூயி பெல்சனின் ஜாஸ் இசைக்குழுவோடு 'சோல் ஆன் டாப்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். இசைக்கோப்பு ஆலிவர் நெல்சன். பெல்சன் சாதாரண ஆளா? ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டனின் குழுவில் வாசித்தவர், காலுக்கு ஒன்றாக இரண்டு பாஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வைத்துக்கொண்டு உட்காருவார்.

'இட்ஸ் எ மேன்ஸ் மேன்ஸ் மேன்ஸ் வேர்ல்ட்' பாட்டை இதில் ஹெட்போனில் கேளுங்கள். அத்தனை டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து எழும்பும்போது வேறு பாடகர் என்றால் குரலை அடக்கி, கோட்டு சூட்டு மாட்டிய மாதிரி பாடியிருப்பார். இவர் தன் வழக்கமான அலறலை ஒரு இழைகூடக் குறைக்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் ஆல்பமே.

அப்புறம் இன்னொரு சோல் பாடகர் ரே சார்ல்ஸ். 1961இல் வந்த ஆல்பத்தில் கவுண்ட் பேஸியின் பிக் பேண்ட் குழுவினரைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, பாடியது இரண்டே பாட்டு. மீதிக்கெல்லாம் அவர் வாசித்த ஹாமண்ட் ஆர்கன் (மின்சார ஆர்கன்)தான்! கட்டுரையில் அவர் பெயரும் இல்லை.