இடித்தது நான்தான், ஆனால் அந்த டயர் யாருடையது?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போகும் எல்லாவற்றையும் சப்பைக்கட்டு என்று தள்ளிவிடுவீர்கள். ஸ்டீயரிங் என் கையில்தான் இருந்தது. பிரேக்கை மிதித்தது என் கால்தான். மழை வந்து என்னை இடிக்கவில்லை, நான்தான் போய் ரோட்டோரத் தடுப்பில் இடித்தேன். யாருக்கும் காயமில்லை. சேதத்தில் என் பங்கைக் கட்டுகிறேன், மறுக்கவில்லை.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் 'என் பங்கு' என்ற அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான். முழுப் பங்கும் என்னுடையதாம்!

நடந்தது இதுதான். என் காரில் கியர்பாக்ஸ் தகராறு. வாரண்டி இருந்தது. சர்வீஸுக்கு விட்டேன். உதிரிப்பாகம் வர நாளாகும் என்றார்கள். நான் முகம் சுளித்ததைப் பார்த்ததும் சர்வீஸ் அட்வைசர், "அதுவரைக்கும் எங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க சார், சும்மாதான்" என்றார். ஒரு டேப்லெட்டை நீட்டினார். பதினான்கு பக்க ஒப்பந்தம். அதில் கையெழுத்துக் கட்டம் உள்ள கடைசிப் பக்கம் மட்டும் எனக்காக ஏற்கெனவே திறந்திருந்தது. பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். விரலால் ஒரு கிறுக்கல் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை, ஆனால் செல்லுபடியாகும்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். பம்பரில் ஒரு கீறல், கதவோரம் ஒரு சின்ன நெளிவு, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, எல்லாம் பதிவானது. ஆஷ்ட்ரேயைக்கூடத் திறந்து பார்த்தார் அந்தப் பையன். ஒருவரும் குனியவில்லை. நான்கு டயரில் ஒன்றுக்குக்கூட போட்டோ இல்லை. நானும் குனியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் பேய்மழை. வேக வரம்பு 80 உள்ள ரோட்டில் 70-இல் போனேன். சட்டப்படி சரி, அந்த மழைக்குச் சரியில்லை. வரம்பு என்பது காய்ந்த ரோட்டில் நல்ல வெளிச்சத்தில் போவதற்கான உச்சம். கொட்டுகிற மழையில் 70 போய்விட்டு 'நான் வரம்புக்குள்தான் இருந்தேன்' என்று சொன்னால் இன்சூரன்ஸ்காரரும் ஏற்கமாட்டார், நீதிபதியும் ஏற்கமாட்டார். அந்த ரோட்டில் லாரிகள் ஓடி ஓடிச் சக்கரத் தடம் பள்ளமாகியிருந்தது. அதில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு வளைவு வந்தது. திடீரென்று ஸ்டீயரிங்கில் கனமே இல்லாமல் போய்விட்டது. வண்டி ரோட்டில் ஓடாமல் எதன் மேலோ மிதக்கிற மாதிரி ஓர் உணர்வு. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, டயர் மறுபடி தரையைக் கவ்வும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதைப் பத்து இடத்தில் படித்திருக்கிறேன். படித்து என்ன? கால் பிரேக்குக்குத்தான் போனது. 70-இல் போகும் வண்டி ஒரு நொடிக்குள் 19 மீட்டரைத் தாண்டிவிடும். நான் யோசித்து முடிப்பதற்குள் இடது பக்க ஃபெண்டர் தடுப்புக்குள் இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "மழைடா, நீ என்ன பண்ணுவ?" அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அதுவும் எரிச்சல்தான். நின்றுகொண்டிருந்த வண்டிமேல் மரம் விழுந்தால் அது இயற்கை. ஆலங்கட்டி விழுந்து பானெட் குழிந்தால் அதுவும் இயற்கை. மழை பெய்கிறது என்று தெரிந்தே ஓட்டிக்கொண்டு போய் இடித்தால் அது மோதல். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் பாலிசிகளில், ஈரத்தில் வழுக்கி இடித்தது மோதல் கணக்கில்தான் வரும். கண்ணாடியில் வைப்பர் முழு வேகத்தில் ஆடும்போது 'எதிர்பாராத மழை' என்று யாரிடம் போய்ச் சொல்ல?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஏபிஎஸ் இருக்குமே, ஈஎஸ்சி இருக்குமே?" என்று கேட்பவர்கள். இருந்தது. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இன்றைய வடிவில் 1978-இலும், வண்டி சறுக்கித் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்சி 1995-இலும் கார்களுக்கு வந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பிடிப்பைத்தான் அவை நான்கு சக்கரத்துக்கும் பங்குபோட்டுக் கொடுக்கும். இல்லாத பிடிப்பை எங்கிருந்து கொண்டுவரும்?

ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். தேங்கிய தண்ணீரை அந்த உள்ளங்கைக்கு அடியிலிருந்து பிதுக்கி வெளியேற்றுவதுதான் டயரில் இருக்கும் பட்டனின், அதாவது மேடும் பள்ளமுமாக வார்த்த மேற்பரப்பின், வேலை. பட்டன் தேயத் தேயத் தண்ணீர் போக வழியில்லை, டயர் அதன் மேல் ஏறிவிடுகிறது. காற்று குறைவாக இருந்தால் இன்னும் மோசம். 1960-களிலேயே நாசாவில் விமான டயர்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, அழுத்தம் குறையக் குறைய மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்று கணக்கே போட்டுவிட்டார்கள். ஐந்து நாளும் நான் காற்றைப் பார்க்கவில்லை. அது என் கணக்கில் ஏறட்டும்.

இப்போது அவர்கள் கணக்குக்கு வருவோம்.

இடித்த இடத்தில் நனைந்துகொண்டே சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். எதிர்முனையில் முதல் கேள்வி: "வண்டி ஓடுற கண்டிஷன்ல இருக்கா சார்?" நான் எந்த கண்டிஷனில் இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. சரி, அதை விடுங்கள். இழுவை வண்டி வரும்வரை வேறு வேலை இல்லாததால் அப்போதுதான் குனிந்து முன் டயரைப் பார்த்தேன். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும், தேய்மானம் காட்டுவதற்கென்றே வார்த்தவை. அந்த மேடும் சுற்றியிருந்த பட்டனும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தன. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு டயர் தயாரான வாரம், கடைசி இரண்டு தயாரான ஆண்டு. என் சொந்த வண்டியின் டயர்களைவிட அது மூத்தது.

பிறகு அளந்து பார்த்ததில் பட்டன் ஆழம் 2 மில்லிமீட்டர். புது டயரில் ஏறத்தாழ 8 இருக்கும். பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.6. ஆக, 0.4 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அவர்கள் உத்தமர்கள்! "டயர் சட்டப்படி சரியாத்தான் சார் இருக்கு" என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு என் 70 கிலோமீட்டர்தான் ஞாபகம் வந்தது. அதுவும் சட்டப்படி சரிதானே? என் சட்டப்படி சரி என்பது கவனக்குறைவு, அவர்கள் சட்டப்படி சரி என்பது பராமரிப்பு. எந்த ஊர் நியாயம் இது? நாள் முழுக்க டயர் விற்பவர்கள் இவர்கள். என் வண்டி சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலே "மழைக்காலம் வருது சார், மாத்திடுங்க" என்று சிவப்பு மையில் எழுதித் தருபவர்கள். தங்கள் வண்டிக்கு மட்டும் அந்தச் சிவப்பு மை தீர்ந்துபோய்விட்டது.

'சும்மாதான்' என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் கோபப்பட வேண்டும். கோபத்தில் பழைய சட்ட வழக்கை எல்லாம் தேடிப் படித்தேன், அதன் பலனை நீங்களும் அனுபவியுங்கள். 1703-இல் இங்கிலாந்தில் காக்ஸ் எதிர் பெர்னார்ட் என்று ஒரு வழக்கு. காசு வாங்காமல் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, கவனக்குறைவாக ஒரு பீப்பாயை உடைத்துவிட்டார். அதில் நீதிபதி ஹோல்ட், அடுத்தவர் பொருள் நம் கைக்கு வரும் வழிகளை ஆறு வகையாகப் பிரித்தார். ஒரு பொருளை நம் வசதிக்காக மட்டும் இரவலாக வாங்கினால் மிகக் கடுமையான கவனம் வேண்டும், சின்ன அலட்சியத்துக்கும் பொறுப்பு. இரண்டு பேருக்கும் லாபம் இருக்கிற ஏற்பாடு என்றால் சாதாரண மனிதனின் நியாயமான கவனம் போதும் என்பது அதிலிருந்து வளர்ந்து வந்த வழக்கம். 'சும்மா' என்ற சொல் எவ்வளவு விலையுள்ளது என்று இப்போது புரிகிறதா? அவர்கள் சும்மா கொடுத்தார்கள் என்றால் என் தலைமேல் பாரம் கூடுகிறது.

நிஜமாகவே சும்மாவா கொடுத்தார்கள்? அவர்கள் விற்ற வண்டி கெட்டுப்போயிருக்கிறது. அவர்களிடம் உதிரிப்பாகம் இல்லை. நான் சத்தம் போடாமல் இருக்கவும், வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போகாமல் இருக்கவும், அடுத்த காரை அங்கேயே வாங்கவும் கொடுத்த வண்டி அது. அதன் பின்கண்ணாடியில் அவர்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஐந்து நாள் சம்பளமில்லாமல் ஊரெல்லாம் அவர்களுக்கு விளம்பரம் செய்திருக்கிறேன். ஆனால் இந்த வாதமெல்லாம் பதினான்கு பக்கத்தின் அடியில் கிறுக்கியவனுக்கு எடுபடாது. 'வாகனம் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம். நான் பெற்றுக்கொண்டேனாம்.

ஒன்பதாம் பக்கத்தில் இன்னும் அருமையான ஒரு வரி. பழுதுபார்க்கும் செலவில் என் இன்சூரன்ஸ் போக நான் கைக்காசு கட்டுவது ஒரு பக்கம். அது போக, அந்த வண்டி ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் நான் வாடகை தர வேண்டும். பழுதை எங்கே பார்க்கிறார்கள்? அவர்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே. எத்தனை நாள்? பத்தொன்பது. ஏன் அவ்வளவு? ஹெட்லைட் அசெம்பிளி ஸ்டாக் இல்லையாம், வரவழைக்க வேண்டுமாம்.

அதாவது, அவர்களுக்கு உதிரிப்பாகம் வரத் தாமதமானால் என் கார் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். அதற்கு எனக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது. அதே ஸ்டோர் ரூமுக்கு இன்னொரு உதிரிப்பாகம் வரத் தாமதமானால் அவர்கள் கார் சும்மா நிற்கும். அதற்கு நான் நாள் கணக்கில் வாடகை கட்ட வேண்டும். இரண்டு வண்டியும் ஒர்க்‌ஷாப்பில் அடுத்தடுத்த இடத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மேனேஜரிடம் கேட்டேன். "அது பாலிசி சார்" என்றார். யாருடைய பாலிசி என்று கேட்டதற்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்றே ஒன்று. சாவியை வாங்குவதற்கு முன் உங்கள் இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: என் வண்டிக்குப் பதிலாக ஓட்டும் வண்டிக்கு நீங்கள் பொறுப்பா, டீலரின் இன்சூரன்ஸ் முதலில் வருமா, ஓடாத நாள் வாடகையை யார் தருவார்? ஊருக்கு ஊர், பாலிசிக்குப் பாலிசி இது மாறும். கிரெடிட் கார்டு காப்பாற்றும் என்று நானும் நினைத்தேன். அந்தப் பாதுகாப்பு பொதுவாக அந்த கார்டால் காசு கட்டி எடுக்கும் வாடகை வண்டிக்குத்தான். நான் காசே கட்டவில்லையே, எனக்குத்தான் சும்மா கொடுத்தார்களே!

கடைசியில் பேசிப் பேசி, வாடகை நாட்களில் பாதியைக் குறைத்தார்கள். டயரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அதைப் பற்றி நான் அனுப்பிய போட்டோவுடன் கூடிய மெயிலுக்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

போன வாரம் என் கார் மறுபடி மக்கர் செய்தது. அதே கியர்பாக்ஸ். வாரண்டி இருப்பதால் அங்கேதான் போயாக வேண்டும். மறுபடி ஒரு மாற்று வண்டி, மறுபடி டேப்லெட். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் படித்தேன். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள், விடட்டும். பிறகு வெளியே போய், பையிலிருந்து டயர் ஆழம் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து, நான்கு சக்கரத்திடமும் ஒவ்வொன்றாகக் குந்தி உட்கார்ந்து அளந்து போட்டோ எடுத்தேன். அட்வைசர் புதுப் பையன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என்ன சார், தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்குறீங்க?"

பின் இடது, 2.3 என்றேன். "இதை எழுதிக்கிட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க தம்பி. சும்மாதான்."