மூணு பாட்டு சொல்லு பாப்போம்

போன பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் பார்க்கப் போன இடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கூட வந்திருந்தான். பாலிடெக்னிக் முதல் வருஷம். தேர்க் கடைத்தெருவில் 150 ரூபாய்க்கு வாங்கிய கருப்பு டீஷர்ட்டை அங்கேயே பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டான். நெஞ்சில் மஞ்சள் கோட்டில் ஒரு கோணல் சிரிப்பு முகம், கண் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு பெருக்கல் குறி, வாயோரம் தொங்கும் நாக்கு, மேலே நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயர். சென்னையிலிருந்து வந்திருந்த என் நண்பர் ஒருவர் டீக்கடை வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நிர்வானா கேப்பியா? எங்க, மூணு பாட்டு சொல்லு பாப்போம்." பையன் முழித்தான். "அது கம்பெனி பேரு இல்லையாண்ணே?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "தெரியாம என்னத்துக்குடா போடுற?" என்று இவர் விடாமல் கேட்டார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான், அந்தப் படம் தெரியாதபடிக்கு. அப்புறம் தேர் தெற்கு வீதி தாண்டும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. வியர்வை கழுத்தில் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. வடம் பிடிக்கலாம் வாடா என்றேன், வரவில்லை. வருஷா வருஷம் முதல் ஆளாக ஓடுகிற பையன் அவன்.

நிர்வானா எனக்குச் சும்மா ஒரு பெயர் இல்லை. 90களில் மன்னார்குடியில் ஒரு கேசட் பதிவுக் கடையில் நான் வேலை பார்த்தேன். ஒரு துண்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். கூத்தாநல்லூர் சபுராளி ஒருவர், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட் பையில், அவருக்கே தெரியாமல், அவர் மகன் வைத்திருந்த ஒன்று கலந்து வந்துவிட்டது. தண்ணீருக்குள் ஒரு கைக்குழந்தை, எதிரே தூண்டிலில் ஒரு டாலர் நோட்டு. 1991இல் வந்த நிர்வானாவின் நெவர்மைண்ட் ஆல்பம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கடையை அடைத்துவிட்டுப் போட்டுக் கேட்டேன், மறுபடி கேட்டேன், அன்று சாப்பிடப் போகவில்லை. பாடியவர் கர்ட் கோபேன், 1994 ஏப்ரலில் 27 வயதில் இறந்துபோனார். எனக்கு அந்தச் செய்தி வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, நான் அவரை உயிரோடு இருக்கிறவராகவே நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் நண்பருடைய கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நானே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ரமோன்ஸ் என்ற ராக் குழுவின் டீஷர்ட் போட்ட ஒருவரைப் பார்த்து ஓடிப்போய்ப் பேசி, அவர் "என்னா சார் வேணும்" என்று கேட்டபோது ஏமாந்து திரும்பியிருக்கிறேன். அந்தச் சட்டையில் இருக்கிற வட்ட முத்திரையைக் கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்து ஆர்தூரோ வேகா என்ற ஓவியர் மாற்றி வரைந்தது அது. கழுகின் ஒரு காலில் ஆலிவ் கிளைக்குப் பதில் ஆப்பிள் மரக் கிளை, இன்னொரு காலில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை. சுற்றிலும் குழுவில் இருந்தவர்கள் பெயர். ஜானி, ஜோயி, டீ டீ, டாமி என்று 1974இல் நியூயார்க்கில் ஆரம்பித்த அந்த நாலு பேரில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. இது தெரிந்தவனுக்கு அந்தச் சட்டையைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்யும்தான். தெரியாதவர் போட்டுக்கொண்டு பஜ்ஜி தின்றால் சுருக்கென்றும் இருக்கும். அந்த வலி பொய் இல்லை.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது நண்பரோடு சண்டையே வந்துவிட்டது. அவர் சொன்னது சரியான வாதம், மறைக்க விரும்பவில்லை. "நீ கரை வேட்டியை எந்தக் கட்சின்னு தெரியாம கட்டுவியா? உங்க ஊர்ல எவனாவது கட்டுவானா? அப்ப இது மட்டும் என்ன?"

உண்மைதான். டெல்டாவில் துணி பேசும். கறுப்பு சிவப்புக் கரையா, நடுவில் வெள்ளை இருக்கிறதா என்று நூறடி தூரத்திலேயே படித்துவிடுவோம். கருப்புச் சட்டை போட்டவரைக் கோயில் வாசலில் பார்த்தால் ஏன் நிற்கிறார் என்று யோசிப்போம். தோளில் சிவப்புத் துண்டு என்றால் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் அதே துண்டிலிருந்து வந்தது.

இந்த மண்ணில் துணிக்கு அர்த்தம் இருந்தது மட்டும் இல்லை, யார் எதைப் போடலாம் என்று கேட்கும் ஆட்களும் இருந்தார்கள். கீழத்தஞ்சையில் பண்ணையாள் தோளில் துண்டு போட முடியாது. இடுப்பில்தான் கட்ட வேண்டும், வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. மீறினால் சவுக்கடி, இல்லை சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். அதை எதிர்த்து பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் செங்கொடி பிடித்து ஊர் ஊராக நடந்ததை எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்காரர்களுக்கும் இதே கதைதான். நாதஸ்வரக்காரர் ஊர்வலத்தில் சட்டை போடக் கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்தபோது எடுக்கச் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த நம்ம சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி, "எடுக்காதீங்க, வாசிங்க" என்று பக்கத்தில் நின்றார். அப்புறம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வந்தார். 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர், தோடி ராகம் என்றால் அவர். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார், கோட்டும் ஷெர்வானியும் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து வாசித்தார். இவனுக்கெல்லாம் இந்தச் சட்டையா என்று முணுமுணுத்த வாய்கள் அன்றைக்கு எத்தனை இருந்திருக்கும்.

அந்தப் பையனிடம் "இதைப் போட உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டது எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கேள்வி பாட்டைப் பற்றியது மாதிரி இருக்கிறது. கேட்கிற தொனி ரொம்பப் பழசு. இந்த ஊரில் பிறந்தவன் அந்தத் தொனியில் ஒரு பையனிடம் பேசக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி. தெரிந்துகொள்வது நல்லது, மிக நல்லது, நான் முப்பது வருஷமாக அதற்காகத்தான் அலைகிறேன். ஆனால் தெரிந்த பிறகுதான் போட வேண்டும் என்று தேர்வு வைக்க நாம் யார்?

அப்புறம், தெரிந்தவர் என்று சொல்கிறோமே, எவ்வளவு தெரியும் நமக்கு? அந்தப் பெருக்கல் குறிக் கண் முகத்தை வரைந்தது யார் என்பதிலேயே வழக்கு நடந்தது. கோபேன் வரைந்தது என்று எல்லோரும் நம்பினோம். ஒரு பெரிய ஆடை நிறுவனம் அதே மாதிரி முகத்தைப் போட்டு விற்றதென்று 2018இல் குழுவின் தரப்பு நீதிமன்றத்துக்குப் போக, அந்த வழக்கு நடக்கும்போதே ராபர்ட் ஃபிஷர் என்ற வடிவமைப்பாளர் "வரைந்தது நான்" என்று வந்து நின்றார். என் நண்பரிடம் மூன்று பாட்டுக்குப் பதில் இதைக் கேட்டிருந்தால் அவரும் கை கட்டித்தான் நின்றிருப்பார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் சிவப்பு உதடும் நாக்கும் போட்ட சட்டையை எத்தனை பேர் போட்டுத் திரிகிறார்கள். அந்த நாக்கு நம்ம காளி நாக்கு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் ஒரு காளி படத்தைக் காட்டி இந்த மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்டு, ஜான் பாஷே என்ற கலைக் கல்லூரி மாணவர் 1970இல் வரைந்தது, கூலி 50 பவுண்டு. 2008இல் அந்த மூலப் படத்தை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கி வைத்தது. தஞ்சாவூரில் பச்சைக்காளி பவளக்காளி ஆடி வரும்போது, அந்தச் சட்டையோடு ஒரு பையன் கூட்டத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு ஸ்டோன்ஸ் தெரியாது. ஸ்டோன்ஸ் கேட்கிற ஆளில் எத்தனை பேருக்குக் காளி தெரியும்? யாரை யார் கேள்வி கேட்பது?

எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். பெரிய மால் கடைகளில் இதே சட்டையை வேண்டுமென்றே வெளுக்க வைத்து, பழசு மாதிரி ஆக்கி, ரெண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அங்கே ஒரு அட்டையில் நாலு வரி போட்டிருக்கலாம், இது இன்னார் பாடியது, இன்ன வருஷம் என்று. போடுவதில்லை. 150 ரூபாய்ப் பையனிடம் கேட்கும் கேள்வியை அங்கே யாரும் கேட்பதும் இல்லை.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து அவன் வீட்டுக் கொடியில் அந்தச் சட்டை உள்பக்கம் வெளியே திருப்பிக் காய்ந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஹெட்போன் மாட்டிவிட்டேன். இரைச்சல் பிடிக்காது என்று நினைத்து, 1993 நவம்பரில் நியூயார்க்கில் நிர்வானா குழு மேடையெல்லாம் லில்லிப் பூ வைத்து, சத்தத்தைக் குறைத்து உட்கார்ந்து வாசித்ததைப் போட்டேன். முழுசாகக் கேட்டான். "புடிக்கலண்ணே, எழவு வீடு மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதை எழுதத் தூண்டிய இன்னொரு ஆளும் உண்டு. குறுவை நடவு சமயம். நாங்கள் ஒரு ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். நடவுக்கு வந்த பெரியம்மா ஒருவர் புடவை மேலே கருப்பு டீஷர்ட் போட்டிருந்தார், வெயிலுக்கும் சேற்றுக்கும் எல்லோரும் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வதுதான். அவர் நிமிர்ந்தபோது நெஞ்சில் வெள்ளைக் கோடுகள் மலை மலையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்துக் குழுவின் அன்னோன் பிளஷர்ஸ் ஆல்பத்து அட்டைப் படம், 1979. நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

"இந்தப் பனியன் ஏது பெரியம்மா?"

"மவ திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கால்ல தம்பி. இது செகண்ட்ஸு. இந்தா பாரு, கழுத்துல தையல் இழுத்துக்கிச்சு. இத வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம்." சேற்றுக் கை படாமல் புறங்கையால் கழுத்துப் பட்டியைத் தள்ளிக் காட்டினார். இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு விரல்கடை நீளத்துக்கு நூல் சுருங்கி, துணி பல்லைக் கடித்த மாதிரி மடங்கியிருந்தது. நான் நூறு தடவை பார்த்த படம், அந்தச் சட்டையைத் தைத்த கையைப் பற்றி ஒரு தடவையும் யோசித்ததில்லை. திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் நொய்யல் ஆற்றில் போய், நொய்யல் காவிரியில்தானே விழுகிறது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே அந்தத் தண்ணீருக்காகத்தான். அந்தக் காவிரித் தண்ணீரில்தான் அவர் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார்.

கஞ்சி குடிக்கக் கரையேறியபோது அவரே கேட்டார், இந்தக் கோடு என்னா தம்பி என்று. சொன்னேன். வானத்தில் ஒரு நட்சத்திரம் 1.3 வினாடிக்கு ஒருதரம் துடிக்கிறது பெரியம்மா, நாடி மாதிரி. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல்தான் முதலில் கண்டுபிடித்தவர், நோபல் பரிசை மட்டும் அவருடைய வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அந்தத் துடிப்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய படம் இது. பாட்டுக் குழு ஒன்று புத்தகத்தில் பார்த்து, அவர்களுடைய ரெக்கார்டு அட்டைக்கு எடுத்துக்கொண்டது.

"படிச்சது ஒருத்தி, பரிசு ஒருத்தனுக்கா" என்றார், அதற்கு மேல் அதில் ஆச்சரியப்படவில்லை. "பாட்டு இருக்கா போன்ல?"

போட்டேன். அந்தக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்தபடியே கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

"பாடுற புள்ளைக்கு என்னமோ மனசுல கெடக்கு. இப்ப எங்க இருக்காரு?"

"இல்ல பெரியம்மா. 1980லயே தன்னைத் தானே முடிச்சுக்கிட்டாரு. 23 வயசு."

தூக்குவாளி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"புள்ளகுட்டி?"

"ஒரு பொம்பளப் புள்ள. அப்ப ஒரு வயசு."

பெரியம்மா குனிந்து நெஞ்சிலிருந்த கோடுகளை ஒருதரம் பார்த்தார். "எங்க இருந்தாலும் அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த நாற்று முடியை எடுத்துச் சேற்றில் இறங்கினார்.