ஆந்தூரியம்: அந்தச் சிவப்பு இதழ் பூ இல்லை

அழகுச்செடியான ஆந்தூரியத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் 'பளபளக்கும் சிவப்பு இதழ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதழே இல்லை, நிறம் மாறிய இலை. தென்னம்பாளை மாதிரி அதுவும் ஒரு பாளைதான். நடுவில் வால்போல் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதில் நெருக்கமாகப் பதிந்த பொடிப்பொடிப் புள்ளிகள்தான் உண்மையான பூக்கள். ஆந்தூரியம் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் 'பூ வால்' என்றுதான் பொருள். என் செடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: முதலில் ஒவ்வொரு புள்ளியிலும் துளி ஈரம், அது சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதியின் நுனி) சுரப்பது. அது காய்ந்து சில நாள் கழித்துத்தான் மகரந்தம் வருகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இன்னொன்று, இது அரேசியே என்ற தாவரக் குடும்பம். நம் சேம்பும் சேனையும் இதற்கு உறவு. சேனை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள் இதிலும் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தயவுசெய்து எட்டாத இடத்தில் வையுங்கள். கட்டுரையில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பலர் வெறும் செம்மண்ணில் நட்டு வேர் அழுகவிடுகிறார்கள். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் மரத்தைத் தொற்றியும் வளர்கிற செடி இது, வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து வைத்த பிறகுதான் என் செடி தழைத்தது.