எதிர்த்தரப்பை நமக்குக் காட்டுவது யார்?

சமூக ஊடகம் ஏன் நம்மைப் பிரிக்கிறது என்று கேட்டால், 'அவரவர் கூட்டத்தின் குரல் மட்டுமே அவரவர் காதில் விழுகிறது' என்பார்கள். அது பாதிதான் சரி. எதிர்த்தரப்பும் தினமும் நம் கண்ணில் படுகிறது. ஆனால் படுவது அந்தத் தரப்பிலேயே ஆக மோசமாகப் பேசும் ஆள். அவரைத் தேடிப் பிடித்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "பாருங்கள் இவர்களின் லட்சணத்தை" என்று நம்மிடம் கொண்டுவருவது நம் தரப்பு ஆள்தான். என் கவலையெல்லாம் இதில்தான்.

எந்தத் தரப்பிலும் பெரும்பாலோர் இணையத்தில் அரசியல் பேசுவதே இல்லை. அமெரிக்க ட்விட்டர் பயனர்களைப் பற்றி பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 80 விழுக்காடு ட்வீட்டுகளை எழுதியவர்கள் வெறும் 10 விழுக்காட்டினர். அந்தச் சிலரில் கடுமையானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, 'அவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று முடிவுகட்டுகிறோம்.

எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று தளங்கள் போடும் கணக்கும் (அல்காரிதம்) இதற்குத் துணைபோகிறது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், திறந்ததும் பதிவுகள் வரிசையாக வரும் நியூஸ் ஃபீடை மாற்றியது. பதிவுகளை மேலேற்ற அப்போது வைத்திருந்த மதிப்பெண் முறை, ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்கள் வழியே தெரியவந்தது. லைக்குக்கு 1, எமோஜிக்கு 5, பொருட்படுத்தத்தக்க கமெண்டுக்கு 30. கோப எமோஜியின் மதிப்பைப் பின்னர் படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் பூஜ்யமாக்கினார்கள். ஆனால் கமெண்ட் குவிந்தால் பதிவு மேலேறும் என்ற அடிப்படை இன்னும் போகவில்லை. வெறுப்புப் பதிவின் கீழே பத்து வரியில் நீங்கள் எழுதும் நியாயமான மறுப்பு, அந்தப் பதிவை இன்னும் நூறு பேர் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

அமெரிக்க ஊடகங்களும் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் இட்ட சுமார் 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்த ஒரு 2021 ஆய்வு, எதிர்த்தரப்பைக் குறிக்கும் சொல் ஒன்று கூடினாலே பகிர்வு வாய்ப்பு ஏறக்குறைய 67 விழுக்காடு உயர்வதாகக் கண்டது. பிறரைத் திட்டினால் கூட்டம் சேரும் என்பதை எழுதுகிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

'மாற்றுக் கருத்தையும் படியுங்கள்' என்ற அறிவுரையும் எப்போதும் பலிப்பதில்லை. 2018இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் ட்விட்டர் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரப் பணம் கொடுத்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிட இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எதிர்த்தரப்பின் தலைவர்களையும் முழக்கக்காரர்களையும் படிப்பது வேறு, அந்தத் தரப்பில் இருக்கும் ஒரு சாதாரண மனிதரோடு பேசுவது வேறு என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அல்காரிதத்தின் மேல் மட்டும் பழிபோடவும் முடியாது. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது சிலருக்கு மூன்று மாதம் பதிவுகளை நேர வரிசையில் மட்டும் காட்டிப் பார்த்தார்கள். ஃபேஸ்புக்கில் வசைமொழி குறைந்தது, நம்பகமற்ற செய்திகள் கூடின, அரசியல் பிளவு அப்படியே இருந்தது. ஆக, பகிரும் கையும் மாறவேண்டும்.

ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தால் முதலில் மூலப் பதிவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பகிராதீர்கள். கிடைத்தால் தேதியைப் பாருங்கள், எத்தனை பேர் அதை ஆதரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பன்னிரண்டு லைக் வாங்கிய உளறலை நாடெங்கும் சுமந்துபோகும் வேலை நமக்கு வேண்டாம். மறுத்தே ஆகவேண்டிய பொய் என்றால், அதன் கீழே கமெண்ட் போடாமல், படத்தையும் சேர்க்காமல், உங்கள் பக்கத்தில் சரியான தகவலை முதல் வரியிலேயே எழுதுங்கள். சொன்னவர் ஒருவர் என்றால் அந்த ஒருவரோடு நிறுத்துங்கள், அவர் சாதியையும் மதத்தையும் கட்சியையும் இழுக்காதீர்கள்.

கருத்து ஒவ்வாத நண்பரை அன்ஃபிரெண்ட் செய்வதற்கு முன், அவர் பதிவுகளைத் தற்காலிகமாக மறைக்கும் 30 நாள் ஸ்னூஸ் போட்டுப் பாருங்கள். அவர் போய்விட்டால் அந்தத் தரப்பில் உங்களுக்கு முகம் தெரிந்த ஆளே இல்லாமல் போகலாம். பிறகு அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிவதெல்லாம் யாரோ அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்தான்.